ஆயிரம் வாட்ஸுக்கு ஒரு கோப்பு

கோபிநாத் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு தேவையோ அவ்வளவை எழுதினான்.

அரசாங்க சம்பந்தமுள்ள இடத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்கள் யாரும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். கோபிநாத் தன்னுடைய பத்து வருஷத்தை ஷார்ஜாவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கழித்துவிட்டான். அங்கே வாடிக்கையாளர் வந்து நிற்பார். இவன் மனசுக்குள் கூட்டிப் பார்த்து இத்தனை வாட்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்பான். அலமாரியிலிருந்து எடுத்து வைப்பான். அதற்குக் கூட்டம் கூட்டியதாகவோ தீர்மானம் போட்டதாகவோ அவனுக்கு நினைவில்லை.

ஊர் திரும்பியதும் அவனுக்குக் கிடைத்த வேலை, மாநில மின்விளையாட்டு ஊக்குவிப்பு வாரியத்தின் ஆலங்குடி மையத்தில் தொழில்நுட்ப உதவியாளர். கிராமத்துப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் விளையாட்டில் உலகத் தரத்துக்கு உயர்த்துவது வாரியத்தின் நோக்கம். அதற்காக மையத்துக்கு ஓர் இயக்குநர், ஒரு கண்காணிப்பாளர், ஒரு கொள்முதல் குழு, ஏழு பீரோ ஆகியவை முதலில் வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டர் கடைசியாக வந்தது. அதுவும் ஒன்பது அட்டைப் பெட்டிகளில், மாசத்துக்கு ஒன்று இரண்டாக வந்தது. ஒன்பதையும் பிரித்துப் பரப்பிவைத்துப் பார்த்தபோதுதான் பவர் சப்ளை இல்லை என்பது தெரிந்தது. தலைமை அலுவலகத்தில் பட்டியல் போட்டவருக்கு அந்த இடத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. அதை மட்டும் மையமே வாங்கிக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது.

பவர் சப்ளை என்பது செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும். வந்திருந்த, திரையில் படம் வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு சாதாரணக் கார்டு அல்ல. முழங்கை நீளத்தில், மூன்று விசிறிகளோடு, இரண்டு கையாலும் தூக்கும்படி இருந்தது. விளையாட்டு சூடு பிடிக்கும்போது அது ஒன்று மட்டும் நானூற்று ஐம்பது வாட்ஸ் இழுக்கும். சில கணங்களில் அதற்கு மேலும் எகிறும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் இருநூற்று ஐம்பது. மிச்சம் மீதியெல்லாம் சேர்த்து, எகிறுவதற்குக் கொஞ்சம் இடமும் விட்டால் ஆயிரம் வாட்ஸ் வேண்டும். குறைந்த பெட்டியைப் போட்டால், தாங்க முடியாத நேரத்தில் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டென்று அணைந்துவிடும்.

அவன் நியமன உத்தரவில் ஒரு வரி இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் மையம் இயங்கத் தொடங்கினால் தொழில்நுட்ப உதவியாளர் பணியிடம் நிரந்தரமாவது பரிசீலிக்கப்படும். இல்லையேல் ஒப்பந்தம் அன்றோடு முடியும். கோபிநாத் அந்த வரியை மனப்பாடமாக வைத்திருந்தான். அவன் ஷார்ஜாவிலிருந்து வந்த அன்று, மூன்று வயது மகள் இளமதி வாசலில் அவனைப் பார்த்துவிட்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ‘அப்பாகிட்ட வா’ என்று அவன் கூப்பிட்டதற்கு, ‘எங்க அப்பா போன்ல இருக்காங்க’ என்றாள். அவள் அவன் மடியில் உட்காரவே ஐந்து மாசம் ஆயிற்று. இப்போது அவன் சோறு பிசைந்து கொடுத்தால்தான் சாப்பிடுகிறாள். இதை விட்டுவிட்டு மறுபடி விமானம் ஏற அவனுக்குத் துளியும் மனசில்லை.

ஆனால் அவன் மனைவி வனிதாவின் அண்ணன் வசந்தகுமார் ஷார்ஜாவில் ஒரு விசாவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஏப்ரல் பத்து வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும் மாப்ள’ என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்புப் பெட்டி வந்தால் வீடு. வராவிட்டால் ஷார்ஜா. விஷயம் அவ்வளவுதான்.

நவம்பரில் அவன் கோரிக்கையை எழுதிக் கண்காணிப்பாளர் உண்ணாமலையிடம் கொடுத்தான். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“தம்பி, உண்மையில ஒங்களுக்கு எவ்வளவு வேணும்?”

“ஆயிரம்தான்க்கா.”

“அப்ப ஏன் ஆயிரம்னு எழுதியிருக்கீங்க?”

கோபிநாத்துக்குக் கேள்வி விளங்கவில்லை.

“இங்க கேக்குறதுல கால் பங்கை வெட்டுவாங்க. மேல ஒரு தடவை வெட்டுவாங்க. எல்லாரும் அதுக்குத் தக்கன ஏத்தித்தான் கேப்பாங்க. நான் ரெண்டு டஜன் பேனா வேணும்னா நாலு டஜன் எழுதுவேன். ஆயிரத்து அறுநூறுன்னு மாத்தி எழுதிட்டு வாங்க.”

“இது பேனா இல்லையேக்கா. நாம கணக்கைத் தெளிவா காட்டுனா வெட்ட மாட்டாங்க.”

உண்ணாமலை மைப்பெட்டியைத் திறந்தார். பிறகு முத்திரை குத்தினார்.

கொள்முதல் குழு ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூடியது. பன்னிரண்டரைக்கு உளுந்த வடை வந்ததும் உறுப்பினர்களும் முழுமையாக வந்து சேர்ந்தார்கள். குழுவுக்குத் தலைவர் மைய இயக்குநர் ஆண்டிச்சாமி. கம்ப்யூட்டர் விளையாட்டுத் துறைக்கு வருமுன் அவர் பல துறைகளை இதேபோல இயக்கியிருந்தார். நிதி உறுப்பினர் அமராவதி, புதுக்கோட்டையிலிருந்து கூட்டத்துக்காக மட்டும் வருபவர். மூன்றாமவர் சவரியப்பன், ஓய்வுபெற்ற மின்பணி மேற்பார்வையாளர். அவர்தான் தொழில்நுட்ப வல்லுநர்.

ஆண்டிச்சாமி கோரிக்கையைக் கையில் எடுத்ததுமே தலையை ஆட்டினார். “ஆயிரம். பாருங்க, எவ்வளவு ரவுண்டா இருக்கு. முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன், ரவுண்டா வர்ற எந்த நம்பரும் யோசிச்சு எழுதுனதா இருக்காது.”

“சார், கடையில தொள்ளாயிரத்து எண்பத்து மூணுன்னு வராது. எழுநூத்தம்பது, எண்ணூத்தம்பது, ஆயிரம்னுதான் வரும்” என்றான் கோபிநாத்.

“அப்ப எழுநூத்தம்பதும் வருதுல்ல?” என்றார் அமராவதி. பேனாவின் மூடியைக் கழற்றினார். “கால் பங்கு கழிச்சா சரியா எழுநூத்தம்பது. தம்பி, நாங்க வெட்டணும்னு ஆசைப்பட்டு வெட்டல. வெட்டாம அனுப்புனா குழு கோப்பைப் படிக்கவே இல்லைன்னு ஆடிட்ல எழுதிருவாங்க. வெட்டியிருந்தாத்தான் படிச்சதுக்கு அத்தாட்சி.”

கோபிநாத் சவரியப்பனைப் பார்த்தான். மின்சாரம் தெரிந்தவர் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

“எங்க வீட்டு மிக்ஸி எழுநூத்தம்பது வாட்ஸ்” என்றார் சவரியப்பன். “அதுல கல்லு மாதிரி காஞ்ச தேங்காயவே அரைக்கிறோம். நீங்க இதுல என்ன அரைக்கப் போறீங்க? படந்தானே பாக்கப் போறீங்க?”

குழு இந்த வாதத்தின் வலிமையை உணர்ந்து தலையசைத்தது. அடுத்து, கோரிக்கையில் ‘கோல்டு தரம்’ என்று இருந்ததை ஆண்டிச்சாமி கவனித்தார். கரண்ட் சூடாக வீணாகாமல் எவ்வளவு உருப்படியாகப் போய்ச் சேருகிறது என்பதற்கான தரம் அது, பதக்கம்போல பிரான்ஸ் என்கிற வெண்கலம், சில்வர், கோல்டு என்று ஏறிக்கொண்டே போகும் என்று கோபிநாத் விளக்கினான். ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, தலைமை அலுவலகத்துல மேலாண்மை இயக்குநர் கம்ப்யூட்டருக்கு என்ன தரம் தெரியுமா? பிரான்ஸ். அவருக்கே பிரான்ஸ் இருக்கையில ஆலங்குடியில நாம கோல்டு மாட்டுனா, நாளைக்கு நான் எந்த முகத்தோட மீட்டிங்குக்குப் போறது? தரம்ங்கிறது பதவியோட வர்றது.”

எழுநூற்று ஐம்பது வாட்ஸ், பிரான்ஸ் தரம் என்று தீர்மானம் ஆயிற்று. மிஞ்சிய வடையைச் சவரியப்பன் பேப்பரில் சுற்றிக்கொண்டார்.

தீர்மானம் சென்னைக்குப் போய் டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தது. தலைமை அலுவலகத்தில் மேலாண்மை இயக்குநரின் கம்ப்யூட்டர் அறுநூற்று ஐம்பது வாட்ஸிலேயே மூன்று ஆண்டுகளாகச் செவ்வனே இயங்கி வருவதாகவும், மாவட்ட மையம் அதனை மீறுவதற்கான அவசியம் என்ன என்றும் கேட்டிருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அவர் கடிதம் மட்டுமே படிக்கிறார் என்பது கோபிநாத்துக்குத் தெரியும். அதை எழுதக் கூடாது என்பதை உண்ணாமலை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவன் நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதினான். எந்தப் பாகம் எவ்வளவு இழுக்கும், எப்போது எகிறும், குறைந்தால் என்ன ஆகும் என்று படமெல்லாம் வரைந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினான்.

ஜனவரியில் பொங்கல் முடிந்து பதில் வந்தது. விளக்கத்தில் கண்ட அளவுகள் யாவும் ஊகமாக உள்ளன. எனவே கம்ப்யூட்டரை முழு அளவில் இயக்கி, அது உண்மையில் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தை அளந்து, அளவீட்டுச் சான்றுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும். அதன்பின் பவர் சப்ளை வாங்குவது குறித்து முடிவெடுக்கப்படும்.

கோபிநாத் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு இயக்குநர் அறைக்குப் போனான்.

“சார், இதை ஓட்டணும்னா பவர் சப்ளை வேணும்.”

“ஆமா.”

“பவர் சப்ளை வாங்கணும்னா ஓட்டி அளக்கணும்ங்கிறாங்க.”

“ஆமா, அளந்துருங்க.”

“எப்படி சார் ஓட்டுறது?”

ஆண்டிச்சாமி நாற்காலியில் சாய்ந்து, உண்மையான பரிவோடு அவனைப் பார்த்தார். “இந்த மாதிரி சிக்கல் எனக்கு எல்லாத் துறையிலயும் வந்துருக்கு தம்பி. நான் ஒரு தடவைகூட அசந்ததில்ல. அடுத்த கூட்டத்துல வச்சுருவோம்.”

அடுத்த கூட்டத்தில் ஆண்டிச்சாமி தாமே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஐந்நூறு வாட்ஸில் இரண்டு வாங்கிவிட்டால் என்ன? ஒவ்வொன்றும் தலைமை அலுவலகத்து அளவுக்குக் கீழேதான். யாரும் கேள்வி கேட்க முடியாது. ஐந்நூறும் ஐந்நூறும் ஆயிரந்தானே? சவரியப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, சரிதான் என்றார்.

அப்படி இரண்டைச் சேர்த்து ஒரு கார்டுக்குக் கொடுக்க முடியாது, பெட்டிக்குள் ஒன்றுக்குத்தான் இடம், ஒரு மாட்டு வண்டிக்கு இரண்டு வண்டிக்காரனைப் போட்டால் வண்டி இரண்டு மடங்கு வேகமாகப் போகாது என்று கோபிநாத் மன்றாடினான். அவன் சொன்னதால் அல்ல, அமராவதி குறுக்கிட்டதால்தான் அந்தத் திட்டம் நின்றது. ஒரே பொருளை இரண்டாகப் பிரித்து வாங்குவது விதிமீறல், பேசாமல் ஒரு ஐந்நூறு மட்டும் வாங்கலாம் என்றார் அவர். கோபிநாத் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, போனால் போகிறது, தலைமை அலுவலகம் சொன்ன அறுநூற்று ஐம்பதே இருக்கட்டும் என்று குழு மனமிரங்கியது.

அன்று சாயங்காலம் உண்ணாமலையின் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

“அக்கா, நீங்க சொன்ன மாதிரி ஆயிரத்து அறுநூறுன்னு இப்பக் கேட்டா?”

“இப்பவா? காலம் கடந்துருச்சே தம்பி” என்றார் அவர். இருந்தாலும் தாளை எடுத்துக் கொடுத்தார்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக கோபிநாத் தேவைக்கு மேல் எழுதினான். பத்து நாளில் அவனுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. நவம்பரில் ஆயிரமாக இருந்த தேவை பிப்ரவரியில் ஆயிரத்து அறுநூறாக உயர்ந்தது எவ்வாறு? இடைப்பட்ட காலத்தில் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட இயக்கப்படவில்லை என்று தாங்களே தெரிவித்திருக்கும் நிலையில், இயக்கப்படாத கம்ப்யூட்டரின் தேவை வளர்ந்தது எங்ஙனம்? தேவையை மிகைப்படுத்திக் காட்டும் போக்கினை வாரியம் வன்மையாகக் கண்டிக்கிறது. நாலு டஜன் பேனா கேட்கும் அலுவலகத்தில், மிகைப்படுத்தியதற்காகக் கண்டிக்கப்பட்ட முதல் ஆள் கோபிநாத்தாகத்தான் இருக்க வேண்டும். பணிந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்தான்.

மார்ச் இருபதாம் தேதி அறுநூற்று ஐம்பது வாட்ஸ் பெட்டி வந்தது. அதைச் சும்மா எடுத்து மாட்டிவிட முடியாது. தொழில்நுட்ப வல்லுநர் பரிசோதித்து ஏற்க வேண்டும். சவரியப்பன் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல சரக்குன்னா கனமா இருக்கும். உள்ள செம்பு நிறைய இருக்கும்ல” என்றார்.

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. கையால் பார்த்த கனம் கோப்பில் ஏறாது என்பதால், இருவரும் ஆலங்குடி கடலை மண்டிக்குப் போனார்கள். அங்கே மூட்டைகளுக்கு நடுவே எலெக்ட்ரானிக் தராசில் பெட்டியை ஏற்றினார்கள். அட்டையோடு, வயர்களோடு, விளக்கப் புத்தகத்தோடு இரண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. மண்டிக்காரர் பழக்க தோஷத்தில் ஈரப்பதத்துக்கு நூறு கிராம் கழிக்கச் சொன்னார். சவரியப்பன் யோசித்துவிட்டு, நூறு கிராம் கழித்தே சான்று எழுதினார். ‘எடை திருப்தி. ஏற்கத்தக்கது.’

கோபிநாத் இரண்டு நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரின் பாகங்களைப் பொருத்தினான். அந்த வேலையில் மட்டும் அவனுக்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. கார்டை அமர்த்தி, வயர்களைச் சீராகக் கட்டி, திருகுகளை முடுக்கி, பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. பெட்டியின் பக்கக் கண்ணாடிக்குள் நீலமும் சிவப்புமாக விளக்குகள் ஓடின. திரையில் ஒரு மலைக்காட்சி வந்து நின்றது. ஆண்டிச்சாமி கைதட்டினார். உண்ணாமலைகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு கோபிநாத் ஒரு விளையாட்டைத் திறந்தான். கவசம் போட்ட வீரன் ஒருவன் கோட்டை வாசலிலிருந்து வெளியே ஓடி வந்தான். பதினோரு எட்டு வைத்தான். எதிரே பகைவர் கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. மூன்று விசிறிகளும் உறுமின. பொட்டென்று எல்லாம் அணைந்தது.

மறுபடி போட்டான். ஒன்பது எட்டு. அடுத்த தடவை பதின்மூன்று. கார்டின் வேகத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துப் பார்த்தான். அப்போது வீரன் பகைவரிடம் போய்ச் சேர்ந்து, வாளை ஓங்கியதும் அணைந்தது.

“சார், நான் சொன்னேன்ல. தாங்காது.”

ஆண்டிச்சாமி கொஞ்சமும் கலங்கவில்லை. “ஏன் தம்பி, மலைப்படம் காட்டுனப்ப அணைஞ்சுச்சா?”

“இல்ல சார்.”

“எவ்வளவு நேரம் நிக்கும்?”

“அது நாளெல்லாம் நிக்கும். விளையாடுறப்பதான்...”

“அதாவது விளையாடுனா அணையுது. விளையாடாட்டி ஓடுது. அப்ப கோளாறு எதுல இருக்கு? விளையாட்டுலதானே இருக்கு? கம்ப்யூட்டர் மேல ஏன் பழியப் போடுறீங்க?” அவர் எழுந்து வந்து கோபிநாத்தின் தோளில் கை வைத்தார். “உத்தரவுல என்ன போட்டிருக்கு? இயங்கத் தொடங்கினால். விளையாடத் தொடங்கினால்னு எங்கயாச்சும் போட்டிருக்கா? முப்பத்தொண்ணு திறப்பு விழா. சான்றுல கையெழுத்துப் போட்டீங்கன்னா மையம் இயங்குது. ஒங்க வேலையும் நெலச்சுரும். போடலைன்னா எனக்கு ஒண்ணுமில்ல, நான் வேற துறைக்குப் போயிருவேன்.”

சான்று ஏற்கெனவே தயாராக இருந்தது. ‘கம்ப்யூட்டர் எவ்விதக் குறைபாடுமின்றி முழுமையாக இயங்குகிறது எனச் சான்றளிக்கிறேன்.’ கீழே அவன் பெயர்.

கோபிநாத் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஏறினான். கீரமங்கலத்தில் பூக்கூடைகளோடு ஏறிய பெண்கள் கூட்டத்தில் அவனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு பொருள் ஓடுகிறது என்று சொல்லி ஓடாததை அவன் யாருக்கும் விற்றதில்லை. ஷார்ஜாக் கடையில் அதற்காகவே அவனைக் கேட்டு வருவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் இளமதி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு ரசஞ்சோறு. அவன் பிசைந்து உருட்டிக் கொடுக்க, அவள் தன் பொம்மைக்கு ஒரு வாய் காட்டிவிட்டுத் தான் ஒரு வாய் வாங்கினாள்.

“என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க? வேலை என்னாச்சு?” என்றாள் வனிதா.

“ஆயிரும் போலதான் தெரியுது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.”

“அப்பாடா. போட்டுருங்க சாமி, போட்டுருங்க” என்றாள் வனிதா. அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து சான்றை எடுத்தான். மகள் கை கழுவப் போனதும், அந்த இடத்திலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். நல்லவேளை, கெட்ட காரியம் ஒன்று முடிந்துவிட்டது என்று தோன்றியது.

திறப்பு விழா விமரிசையாக நடந்தது. வாழைமரம் கட்டினார்கள். மூன்று கல்லூரிகளிலிருந்து பிள்ளைகளை பஸ் வைத்து அழைத்து வந்தார்கள். வாரியத் தலைவர் சென்னையிலிருந்து வந்து பொத்தானை அழுத்தினார். மலைக்காட்சி தோன்றியது. அவர் மைக்கைப் பிடித்தார்.

“கடந்த மூன்று ஆண்டுகளில் நமது வாரியம் நூற்றுப் பதினேழு கூட்டங்களை வெற்றிகரமாக நடத்தியிருக்கிறது. இதுவரை ஒரு போட்டியில்கூட நாம் கலந்துகொள்ளவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன். கலந்துகொண்ட மாநிலங்கள் எத்தனை போட்டியில் தோற்றிருக்கின்றன தெரியுமா? நமது வாரியம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு தோல்விகூடக் கண்டதில்லை!”

ஆண்டிச்சாமி முதலில் தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். விழா முடிந்து தலைவர் போனதும், கலைமதி என்ற கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். அவள் போனிலேயே விளையாடி மாவட்டத்தில் பெயர் வாங்கியவள். மலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், எப்ப விளையாடலாம்?” என்று கேட்டாள்.

“மொதல்ல நல்லாப் பாருங்கம்மா. பாக்கப் பாக்கத்தான் பழகும்” என்றார் ஆண்டிச்சாமி. சுவரில் அன்று காலைதான் மாட்டிய பலகையைக் காட்டினார். ‘இக்கம்ப்யூட்டரில் விளையாட்டுகளைத் திறப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.’ அந்தப் பெண் கோபிநாத்தைத் திரும்பிப் பார்த்தாள். கோபிநாத் வாழைமரத்தைப் பார்த்தான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவனுக்கு உத்தரவு வந்தது. பதிவுத் தபாலை உண்ணாமலைதான் பிரித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தாளை அவன் பக்கம் தள்ளினார்.

‘ஆலங்குடி மையத்தின் கம்ப்யூட்டர் எவ்விதக் குறைபாடுமின்றி முழுமையாக இயங்குவதாகத் தொழில்நுட்ப உதவியாளர் திரு. கோபிநாத் சான்றளித்துள்ளார். பழுதில்லாத நிலையில் பழுது நீக்குநர் தேவையில்லை எனக் கருதப்படுகிறது. எனவே மேற்படி பணியிடத்தை நிரந்தரமாக்குவது குறித்துப் பரிசீலிக்கப்பட்டு, அப்பணியிடம் ரத்து செய்யப்படுகிறது. அன்னாரது சிறப்பான பணியை வாரியம் பாராட்டுகிறது.’

இயக்குநர் அறை பூட்டியிருந்தது. வெற்றிகரமாக மையம் திறந்ததற்காக ஆண்டிச்சாமிக்கு வேறொரு துறையில் பதவி உயர்வு வந்திருந்தது.

“அக்கா, அது ஓடலைன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? அந்தச் சான்று பொய்யின்னு இப்ப நான் எழுதிக் கொடுத்தா?”

உண்ணாமலை மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பொய்ச் சான்று கொடுத்தேன்னு எழுதுனீங்கன்னா, பொய்ச் சான்று கொடுத்ததுக்காக வெளிய அனுப்புவாங்க. போலீஸ் கேஸும் ஆகும். உண்மைச் சான்றுதான்னா, வேலை இல்லைன்னு பாராட்டி அனுப்புவாங்க. ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க தம்பி. நானே டைப் அடிச்சுத் தாரேன்.”

கோபிநாத் உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டான். அடுத்த அறையில் கம்ப்யூட்டர் விளக்குகள் மினுக்கிக்கொண்டு மலைக்காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை அணைக்கலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமலேயே வெளியே வந்தான்.

வீட்டில் வனிதா உத்தரவைப் படித்தாள். பாராட்டுகிறது என்ற வரிக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு முதலிலிருந்து மறுபடி படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே, அந்த விசா இன்னும் இருக்கா?”

“இருக்கு தங்கச்சி, நாளையோட சரி” என்றார் வசந்தகுமார். “ஏன், அங்கிட்டு மாப்ளைக்கு நெரந்தரமாகப் போவுதுன்னு சொன்னியே? என்னாச்சு, அந்த மிஷினு ஓடலையா?”

வனிதா போனைக் கோபிநாத்திடம் நீட்டினாள். இளமதி தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, போனை வாங்கினான்.

“மிஷின் நல்லாத்தான் ஓடுது மச்சான்” என்றான். “அதனாலதான் வாரேன்.”